ஓரியின் அம்பும் ஒரு கைக்கருவியும்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் படித்தவர்களுக்கு வல்வில் ஓரியின் நினைவு வராமற் போகாது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன், கொடையில் மட்டுமன்றி வில்லாண்மையிலும் புகழ் பெற்றவன். அவன் விடுத்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பின் உடலிற் சென்று தைத்தது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் இச்செய்தியை நீங்கள் காணலாம்.

ஓர் அம்பு, ஐந்து இலக்கு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஏறக்குறைய அத்தகையதே. தொலைக்காட்சிப் பெட்டி, செட்டாப் பெட்டி, பாட்டுப் பெட்டி என்று வீட்டிலுள்ள பலவற்றையும் ஒரே கைக்கருவியால் இருந்த இடத்திலிருந்தே இயக்குவது எப்படி என்பதே அது. அக்கருவியை எல்லோரும் 'ரிமோட்' என்றே சொல்லுகிறோம். நானும் அப்படியே சொல்லப் போகிறேன். "இதற்கு ஒரு பேச்சும் வேண்டுமா?" என்று உங்களில் சிலர் நகைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படி நகைத்தவன்தான். கொல்லிமலையில் ஒரு மூதாட்டியின் வீட்டில் கழித்த ஒரு பிற்பகற்பொழுது என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடிப் பதினெட்டை ஒட்டி நடைபெறும் ஓரி விழாவைக் காண்பதற்காக அங்கே சென்றிருந்தேன். அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதை 70 கொண்டையூசி வளைவுகளைக் கொண்டது. வளைவுக்கு வளைவு காற்றில் குளிர்ச்சி ஏறிக்கொண்டே போகும். மேலே, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், மிளகுக் கொடிகளும் பலா மரங்களும் சாமை விளையும் சரிவுகளுமாக ஒரு தனி நாடே விரிந்து கிடக்கிறது. செம்மேட்டில் குதிரைமீது அமர்ந்திருக்கும் ஓரியின் சிலையைக் கண்டு திரும்புகையில், என்னிடம் முன்பு படித்த ஒருவருடைய மகனைச் சந்தித்தேன். மலையிற் பிறந்து, நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கும் பையன். "ஐயா, எங்கள் ஆயா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்" என்று வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனான்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பரிமாறினாள் பாட்டி. எழுபதைக் கடந்தவள், தனியே இருப்பவள். மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை என்று சாமை வகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி, எது எந்த மண்ணுக்கு ஆகும், எது எத்தனை நாளில் கதிர் முற்றும் என்று விளக்கினாள். அவள் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். அத்தனை கல்வி அவளிடம் இருந்தது. ஆனால் அவளுக்கு எழுத்து மட்டும் தெரியாது.

உணவு முடிந்ததும் பையன் தொலைக்காட்சியைப் போட்டான். திரை நீலமாக ஒளிர்ந்தது. அதன் நடுவே ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் மிதந்துகொண்டிருந்தன. படமும் இல்லை, ஒலியும் இல்லை.

"எத்தனை நாளாக இப்படி, ஆயா?" என்று பையன் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "இருபது நாள் ஆச்சு சாமி. நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துப்போட்டேன். அவங்கப்பன் காசு போட்டு வாங்கினது. சொன்னா மனசு வருத்தப்படுவான்னு சொல்லலை" என்றாள்.

இருபது நாட்கள், நேயர்களே! மாலையில் வேலை முடித்து வந்து, நீலத் திரையின் எதிரே சிறிதுநேரம் அமர்ந்து பார்ப்பாளாம். பிறகு அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாளாம். அரசு 2006ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த பெட்டி அவ்வீட்டில் பல ஆண்டுகள் பேசியிருக்கிறது. அது பழுதானபின் மகன் வாங்கித் தந்ததே இந்தப் புதிய பெட்டி. தனிமையில் வாழும் ஒருத்திக்கு அதன் குரல் எவ்வளவு பெரிய துணை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அத்துணை நின்றுபோனதைவிட, அது தன் குற்றத்தால் நின்றது என்று அவள் எண்ணிக்கொண்டதே என்னை வருத்தியது.

உண்மையில் அவள் எதையும் கெடுக்கவில்லை. நடந்தது இதுதான். கூரைமேல், தென்கிழக்கு வானை நோக்கி ஒரு குடை நிற்கிறது. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கிய கட்டணமில்லாத வான்வழிச் சேவையை அது பெறுகிறது. குடையிலிருந்து வரும் கம்பி முதலில் செட்டாப் பெட்டிக்குச் செல்கிறது. அங்கிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் நிறமுள்ள மூன்று கம்பிகள் தொலைக்காட்சிக்குச் செல்கின்றன. அந்த மூன்று கம்பிகளின் வழியாக வருவதைக் காட்டு என்று தொலைக்காட்சிக்கு ஒருமுறை சொல்லியாக வேண்டும். ஒரு நாள் மழையில் மின்சாரம் நின்று திரும்ப வந்தது. தொலைக்காட்சி விழித்தெழுந்தபோது, அந்தக் கம்பிகளை மறந்து வேறொரு வாயிலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவ்வளவே. தொலைக்காட்சியின் ரிமோட்டில் 'ஏ.வி.' என்ற பொத்தானை அழுத்தினால் தீரக்கூடிய குறை. ஆனால் பாட்டிக்குப் பழக்கமானது செட்டாப் பெட்டியின் ரிமோட் ஒன்றுதான். சுவரில் தொங்கிய பைக்குள் மூன்று ரிமோட்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் முப்பது, நாற்பது பொத்தான்கள். எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்துகள்.

பையன் 'ஏ.வி.' பொத்தானை அழுத்தினான். தேய்ந்துபோன அந்தப் பொத்தான் மூன்றாம் முறைதான் வேலை செய்தது. படம் வந்தது. பாட்டியின் முகம் மலர்ந்தது. ஆனால் நான் அவனிடம் சொன்னேன்: "தம்பி, நீ நாளைக்கு விடுதிக்குப் போய்விடுவாய். மின்சாரம் மறுபடியும் நிற்கும். அப்போது என்ன செய்வது? இந்தப் பழைய ரிமோட் முற்றிலும் ஊமையாவதற்குள், இது பேசும் பேச்சைச் செட்டாப் பெட்டியின் ரிமோட்டுக்குக் கற்பித்துவிடுவோம்." அவன் வியந்து, "ஒரு ரிமோட் இன்னொன்றிடம் பாடம் கேட்குமா, ஐயா?" என்றான். கேட்கும். எப்படிக் கேட்கிறது என்பதை அறிய, ரிமோட் எப்படிப் பேசுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

தொலைவிலிருந்து ஒரு பொருளை இயக்க வேண்டும் என்னும் ஆசை பழையது. ஜகதீச சந்திர போஸ் 1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில், கம்பியின் துணையின்றி, மின்காந்த அலைகளைக் கொண்டே தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க் நகரில் ஒரு சிறு படகை வானொலி அலைகளால் திருப்பித் திருப்பி ஓட்டிக் காட்டினார். தொலைக்காட்சிக்கு இவ்வசதி வந்தது அமெரிக்காவில். ஜெனித் என்னும் நிறுவனம் 1950இல் நீண்ட கம்பியுடன் கூடிய ஒரு ரிமோட்டை விற்றது. அக்கம்பி கால்களைத் தடுக்கியது. 1955இல் அந்நிறுவனத்தின் பொறியாளர் யூஜின் பாலி, கைவிளக்கைப் போன்ற ஒரு கருவியைச் செய்தார். திரையின் நான்கு மூலைகளில் இருந்த கண்களில் ஒன்றின்மீது ஒளியைப் பாய்ச்சினால் பெட்டி பணியும். ஆனால் சன்னல் வழியே வெயில் விழுந்தாலும் அது பணிந்தது! அடுத்த ஆண்டில் ராபர்ட் ஆட்லர் என்பவர் ஒளியை விடுத்து ஒலியை நாடினார். பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சுத்தி அலுமினியக் கோலைத் தட்டும். மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலி எழும். பெட்டி அதைக் கேட்கும். இம்முறை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் வழங்கியது. அதன்பின் வந்ததுதான் இன்று நாம் கையாளும் அகச்சிவப்பு முறை.

வானவில்லின் சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று உண்டு என்பதை வில்லியம் ஹெர்ஷல் 1800ஆம் ஆண்டில் ஒரு வெப்பமானியைக் கொண்டு கண்டறிந்தார். அந்தக் கதிரைத்தான் ரிமோட்டின் முனையிலுள்ள சிறு விளக்கு வீசுகிறது. நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் கேமராவுக்கு நேரே காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி, கைப்பேசியின் திரையில் வெளிர் ஊதாவாக மின்னுவதைக் காண்பீர்கள். சில கைப்பேசிகளின் பின்புறக் கேமரா இக்கதிரைத் தடுத்துவிடும். அப்போது முன்புறக் கேமராவிற் பாருங்கள். ரிமோட் பழுதா, தொலைக்காட்சி பழுதா என்று அறிவதற்கும் இதுவே எளிய வழி.

வெறுமனே ஒளி வீசினால் மட்டும் போதாது. வெயிலிலும் விளக்கிலும் அகச்சிவப்புக் கதிர் நிறைய இருக்கிறதே! பாலியின் கருவி பட்ட பாடு நமக்கும் வந்துவிடுமல்லவா? அதனால் ரிமோட்டின் விளக்கு விநாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடித்துத் துடித்து ஒளிர்கிறது. தொலைக்காட்சியின் கண் அந்தத் துடிப்புள்ள ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுகிறது.

இனி, அதன் மொழியைப் பார்ப்போம். தமிழில் குறில், நெடில் உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை. நெடிலுக்கு இரண்டு மாத்திரை. ரிமோட்டின் மொழியிலும் இத்தகைய கால அளவே எழுத்தாகிறது. பல பெட்டிகளில் வழங்கும் என்.இ.சி. முறையைச் சொல்கிறேன். முதலில் விநாடியின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு நேரம் ஒளி, அதிற் பாதி நேரம் இருள். "கேள்!" என்று அழைப்பது போன்றது இது. அதன்பின் சிறு சிறு ஒளித்துளிகள் வருகின்றன. ஒளித்துளிக்குப் பின்வரும் இருள் குறுகியதாக இருந்தால் அது சுழி. மும்மடங்கு நீண்டதாக இருந்தால் அது ஒன்று. இவ்வாறு 32 எழுத்துகள். முதல் எட்டு, எந்தக் கருவியை அழைக்கிறோம் என்னும் முகவரி. அடுத்த எட்டு, அதே முகவரி தலைகீழாக. சுழி இருந்த இடத்தில் ஒன்று, ஒன்று இருந்த இடத்தில் சுழி. மூன்றாவது எட்டு, கட்டளை. நான்காவது, கட்டளையின் தலைகீழ் வடிவம். ஏன் இருமுறை? இரண்டும் பொருந்தினால்தான் செய்தி சிதையாமல் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். இத்தனையும் விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது.

எல்லா நிறுவனங்களும் இந்த ஒரு மொழியையே பேசியிருந்தால் நமக்குத் தொல்லை குறைந்திருக்கும். பிலிப்ஸ் நிறுவனம் வகுத்த ஆர்.சி.5 முறையில் எழுத்துகள் 14தான். துடிப்பு விநாடிக்கு 36,000. வேறு சில நிறுவனங்கள் வேறு முறைகளை வகுத்துக்கொண்டன. அதனால்தான் ஒரு வீட்டில் மூன்று பெட்டிகள் இருந்தால் மூன்று ரிமோட்டுகள் சேர்கின்றன.

இங்கேதான் ஓரியின் அம்புக்கும் நம் கருவிக்கும் உள்ள வேற்றுமை தெரிகிறது. அம்பு தன் வழியில் எதிர்ப்பட்ட அனைத்தையும் துளைத்தது. ரிமோட்டின் ஒளியும் அறையிலுள்ள எல்லாப் பெட்டிகளின்மீதும் விழுகிறது. ஆயினும் தன் மொழியில், தன் பெயரைச் சொல்லி அழைத்தாலன்றி எந்தப் பெட்டியும் அசைவதில்லை. ஆகவே ஒரு ரிமோட் பல பெட்டிகளை ஆள வேண்டுமானால், அது பல மொழிகளைக் கற்றிருக்க வேண்டும்.

கற்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அகராதி வழி. பொது ரிமோட்டுகள் எனக் கடைகளில் விற்பவற்றுள் பல நிறுவனங்களின் மொழிகள் முன்பே எழுதப்பட்டிருக்கும். உடன்வரும் தாளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். குறிப்பிட்ட பொத்தானைச் சிறு விளக்கு எரியும்வரை அழுத்திப் பிடித்து, அந்த எண்ணை இட்டு, பெட்டி அணைகிறதா என்று பார்க்க வேண்டும். அணையாவிட்டால் அடுத்த எண். பழைய ரிமோட் தொலைந்தோ, முற்றிலும் கெட்டோ போயிருந்தால் இந்த வழிதான் உதவும்.

மற்றொன்று, கிளிப்பிள்ளை வழி. புதிய ரிமோட்டில் ஒரு கண்ணும் சிறிது நினைவும் இருக்கும். பழையது வீசும் ஒளியை அது கண்டு, எவ்வளவு நேரம் ஒளி, எவ்வளவு நேரம் இருள் என்று அளந்து வைத்துக்கொள்ளும். பொருள் அதற்குத் தெரியாது. கேட்டபடியே திருப்பிச் சொல்லும். ஆப்பிள் கணினியை உருவாக்கிய ஸ்டீவ் வாஸ்னியாக், பின்னர்த் தனியே ஒரு நிறுவனம் தொடங்கி, 1987இல் இத்தகைய கற்கும் ரிமோட் ஒன்றை வெளியிட்டார் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். இன்று நம் நாட்டில் செட்டாப் பெட்டிகளோடு வரும் ரிமோட்டுகள் பலவற்றில், ஓர் ஓரத்தில் கோடிட்டுப் பிரித்த நாலைந்து பொத்தான்கள் தொலைக்காட்சிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவை கற்பதற்காகக் காத்திருக்கும் வெற்றுப் பலகைகள். பெரும்பாலான வீடுகளில் அவை கடைசிவரை வெற்றுப் பலகைகளாகவே இருந்துவிடுகின்றன.

பாட்டியின் ரிமோட்டிலும் அப்படியே ஐந்து பொத்தான்கள் இருந்தன. நானும் பையனும் திண்ணையில் அமர்ந்து வேலையைத் தொடங்கினோம். இரண்டு ரிமோட்டுகளையும் முனையோடு முனை எதிர்நோக்க, இரண்டு விரற்கடை இடைவெளியில், ஒரு மணைமேல் வைத்தோம். 'செட்' என்ற பொத்தானைச் சிவப்பு விளக்கு நிலைத்து எரியும்வரை பிடித்தான். கற்க வேண்டிய பொத்தானை ஒருமுறை தொட்டான். விளக்கு மின்னத் தொடங்கியது. பழைய ரிமோட்டின் 'ஏ.வி.' பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நிகழவில்லை. மறுபடியும் முயன்றான்; பயனில்லை. நான்கு முறை தோற்றபின் முகம் வாடி என்னைப் பார்த்தான்.

எனக்கும் உடனே புலப்படவில்லை. சிறிது நேரம் திகைத்துத்தான் இருந்தேன். பிறகு மணைமேல் விழுந்திருந்த வெயிலைப் பார்த்தேன். மலை வெயில் தெளிவானது. அதன் அகச்சிவப்பு வெள்ளத்தில் கற்கும் கண் கூசிப்போயிருந்தது. உள்ளே இருண்ட மூலைக்குச் சென்றோம். பழைய ரிமோட்டுக்குப் புதிய பேட்டரி போட்டோம். அதைத் திறந்து, பொத்தானின் அடிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தோம். இம்முறை சிவப்பு விளக்கு மூன்று தரம் மின்னி, "கற்றுக்கொண்டேன்" என்று அறிவித்தது. பிறகு தொலைக்காட்சியை எழுப்பும் பொத்தான், ஒலியைக் கூட்டுவது, குறைப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்பித்தோம். இறுதியில் 'செட்' பொத்தானை மீண்டும் அழுத்தி முடித்தோம். பொத்தான்களின் வரிசை ரிமோட்டுக்கு ரிமோட் சற்று மாறும். உடன்வரும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சில புதிய ரிமோட்டுகள் ஒளியால் அல்லாமல் வானொலி அலையால் பேசுகின்றன. அவற்றின் பேச்சு இந்தக் கிளிப்பிள்ளையின் காதில் விழாது.

கருவி கற்றுவிட்டது, இனிப் பாட்டி கற்க வேண்டுமே! பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து நகப்பூச்சு வாங்கிவந்து, 'ஏ.வி.' வேலையைக் கற்ற பொத்தான்மேல் பையன் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தான். "திரை நீலமாக நின்றால் இந்தச் சிவப்பை அமுக்கு ஆயா, வேறெதையும் தொடாதே" என்றான். வாயாற் சொன்னது போதாது என்று நான் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்துப் போட்டேன். நீலத் திரை வந்தது. அவள் ரிமோட்டை இரு கைகளாலும் பற்றி, தொலைக்காட்சியை நோக்கி நீட்டி, சிவப்புப் புள்ளியை அழுத்தினாள். படம் வந்தது. "இன்னொரு தரம் அணை சாமி" என்றாள். ஐந்து முறை அணைத்தேன். ஐந்து முறையும் அவளே மீட்டாள். ஆறாம் முறை நான் அணைக்கப் போனபோது, "போதும், கதை ஓடுது" என்று சொல்லி, எங்களை மறந்து திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

மாணவ நண்பர்களே, மலையின் சாமையையெல்லாம் அறிந்தவள் அவள். ஆனால் ஒரு பொத்தானுக்கு முன் தன்னைக் குற்றவாளியாக எண்ணிக் கூசி நின்றாள். இயந்திரம் பேசும் மொழி அவளுக்குத் தெரியவில்லை. அவள் பேசும் மொழியை இயந்திரம் செய்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் இடையே நின்று பெயர்த்துச் சொல்ல ஒருவன் வேண்டியிருந்தது. அதற்குப் பெரிய பட்டம் தேவைப்படவில்லை. இருபது நிமிடப் பொறுமையும், சுழிக்கும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாடும், ஒரு துளி நகப்பூச்சும் போதுமாயிருந்தன. இவை உங்கள் எல்லோரிடமும் உண்டு. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தப் பெட்டியைக் கண்டு தயங்குகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அவ்வாண்டு ஐப்பசி மாதத்தில் அந்தப் பையன் எனக்குத் தொலைபேசியில் பேசினான். மலையில் நல்ல மழையாம். இரவில் மின்சாரம் நின்று விடியலில் வந்ததாம். பாட்டி தானே தொலைக்காட்சியை மீட்டு, கனமழை எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு, "இந்த மழையில மலை ஏறி வராதே கண்ணு, அடுத்த வாரம் வா" என்று விடுதிக்குச் சொல்லியனுப்பினாளாம். பிறகு சிறிது சிரித்துக்கொண்டு, "ஐயா, இன்னும் ஒன்று. பக்கத்து வீட்டு ரிமோட்டிலும் இப்போது சிவப்புப் புள்ளி இருக்கிறது. வைத்தது நானில்லை" என்றான்.